மல்யுத்த நிறுவனங்கள் புது ஆட்களை எப்படி வளர்க்கின்றன? அஸ்தம்பட்டி தாய்மாமனுக்கு ஒரு பதில்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அக்கா மகனுக்கு 19 வயது. ஏற்காடு அடிவாரத்தில் கபடி ஆடி வளர்ந்த பையன், இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். "மாமா, நான் டபிள்யூடபிள்யூஇ-க்குத்தான் போவேன்" என்று பிடிவாதமாக நிற்கிறான். அந்த நிறுவனங்கள் புது ஆட்களை எப்படி எடுக்கின்றன, எப்படிப் பழக்குகின்றன, சிலரை மட்டும் ஏன் சட்டென்று உச்சிக்குக் கொண்டுபோகின்றன, நல்ல திறமை இருந்தும் சிலர் ஏன் அப்படியே கிடக்கிறார்கள்? பையனைத் தடுப்பதா, துணை நிற்பதா என்று முடிவெடுக்க இதெல்லாம் தெரிய வேண்டும் என்கிறார்.

நான் சேலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுப்பவன். டென் ஸ்போர்ட்ஸ் காலத்திலிருந்து தொழில்முறை மல்யுத்தத்தை விடாமல் பார்த்து வருகிறேன். அமெரிக்கா, ஜப்பான் இரண்டு ஊர் முறையும் ஓரளவு தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். இதை இப்போது யாரும் மறைப்பதில்லை. ஆனால் விழுவது நிஜமாகவே விழுவதுதான். ரிங்கின் அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் மெல்லிசான ஃபோம், மேலே இழுத்துக் கட்டிய கான்வாஸ். அவ்வளவுதான் மெத்தை. அதில் வருடக்கணக்கில் முதுகு பட விழ வேண்டும். தலைக்குமேல் தூக்கிப் போடுகிறவன் கை ஒரு நொடி தவறினால் கீழே வருகிறவனின் கழுத்து போய்விடும். அதனால் எதிரில் நிற்பவன்தான் அன்றைக்கு உங்கள் உயிருக்குப் பொறுப்பு.

இளைஞர்களை வளர்ப்பது என்று நாம் சொல்வதில் பாதி, இந்தப் பொறுப்பை உடம்பில் ஏற்றும் வேலை. மறுபாதி, ஏற்கெனவே பெயர் வாங்கிய ஒருவர் அந்தப் பையனிடம் தோற்றுக் கொடுக்கச் சம்மதிப்பது. நான் பார்த்தவரை இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் நட்சத்திரங்கள் உருவாகியிருக்கிறார்கள். ஒன்று குறைந்தாலும், எவ்வளவு விளம்பரம் செய்தாலும் நிற்பதில்லை.

முதல் பாதியைப் பார்ப்போம். விழுவதை அங்கே 'பம்ப்' என்பார்கள். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவனுக்கு முதலில் கிடைப்பது இதுதான். குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அப்படியே பின்னால் சாய வேண்டும். மேல்முதுகு முழுதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். இரண்டு உள்ளங்கையும் அதே நொடியில் கான்வாஸை ஓங்கி அறைய வேண்டும். மூச்சை வெளியே விட்டிருக்க வேண்டும். பிடித்து வைத்துக்கொண்டு விழுந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். தாடை நெஞ்சைவிட்டு விலகினால் பின்மண்டை தரையில் மோதும். ஜூடோவில் உகேமி என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் ஏறக்குறைய இதேதான். புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள்: பயத்தில் முழங்கையைப் பின்னால் ஊன்றிவிடுவார்கள். கை உடைவது அப்படித்தான். உடம்பு தன்னைக் காப்பாற்ற நினைத்துச் செய்கிற அந்த அசைவை மறக்கடிப்பதுதான் முதல் பாடம்.

கபடிப் பையனுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கபடியில் கணுக்காலைப் பிடித்தால் உதறுவது, இழுத்தால் எதிர்ப்பக்கம் பாய்வது என்று உடம்பு முழுக்கத் திமிறப் பழகியிருக்கும். மல்யுத்த நிறுவனத்தில், தூக்க வருகிறவனுக்கு நீங்களே எம்பிக் கொடுக்க வேண்டும். திமிறினால் இரண்டு பேருக்கும் அடி. நிஜப் போட்டிகளில் சாதித்தவர்கள் அங்கே போய்த் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் மருமகனுக்குக் கால் பலமும் மூச்சும் இருக்கும். உடம்பை இன்னொருவன் கையில் ஒப்படைக்க மனசு வருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டபிள்யூடபிள்யூஇ இதற்கென்று முன்பு வேறு சின்ன நிறுவனங்களை நம்பியிருந்தது. 2000 முதல் 2008 வரை கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் இருக்கும் ஓஹையோ வேலி ரெஸ்லிங் அவர்களுடைய நாற்றங்காலாக இருந்தது. ஜான் சீனா, ராண்டி ஆர்ட்டன், பட்டிஸ்டா, ப்ராக் லெஸ்னர் நான்கு பேரும் அங்கே பழகியவர்கள். நம் ஊர்ப் பையன்கள் ட்ரம்ப் கார்டில் உயரமும் எடையும் பார்த்து அடித்துக்கொண்டார்களே, அந்தச் சீட்டுக்கட்டில் சிலர் அந்த ஒரே பட்டறையில் வந்தவர்கள். பிறகு ஃபுளோரிடாவுக்கு மாற்றினார்கள். 2012-இல் அது, புதியவர்கள் ஆடும் பிரிவான என்எக்ஸ்டி ஆனது. 2013 ஜூலையில் ஆர்லாண்டோவில் 26,000 சதுர அடியில், ஏழு ரிங்குகளோடு பெர்ஃபாமன்ஸ் சென்டர் திறந்தார்கள். எடைப் பயிற்சிக் கூடம், மருத்துவப் பிரிவு, வீடியோவில் தன் ஆட்டத்தைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதி எல்லாம் ஒரே கூரையின் கீழ். அங்கே பழகியவர்களை நேராகப் பெரிய ஸ்டேடியத்துக்கு அனுப்புவதில்லை. ஃபுளோரிடாவின் சின்னச் சின்ன ஊர் மண்டபங்களில் சில நூறு பேர் முன்னால் ஆடவிடுவார்கள். எந்த அடிக்கு ஜனம் சத்தம் போடுகிறது, எப்போது செல்போனை எடுத்துவிடுகிறது என்று கேட்டுப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

இன்னொரு வகுப்பும் நடக்கும். நம் ஊரில் இதை யாரும் யோசிப்பதில்லை. பேச்சு வகுப்பு. மைக்கைக் கையில் கொடுத்து, கேமராவைப் பார்த்து, "நீ யார், உன் சண்டையை நான் ஏன் பார்க்க வேண்டும்" என்பதற்குப் பதில் சொல்லச் சொல்வார்கள். 'ப்ரோமோ' என்பது இதற்குப் பெயர். பழம்பெரும் வீரர் டஸ்டி ரோட்ஸ், 2015-இல் இறக்கும்வரை இந்த வகுப்பை என்எக்ஸ்டியில் நடத்தினார். அவர் பிளம்பர் மகன். அழகான உடம்பு கிடையாது. தொந்தியோடு வந்து பேசியே கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். இன்றைக்குப் பெரிய பெயராக இருக்கும் பலர், தங்களுக்கென்று ஒரு குரல் கிடைத்தது அவரிடம்தான் என்று நன்றியோடு சொல்கிறார்கள்.

இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தினமும் தெரிகிறது. ஜூடோ மெத்தையில் புலி மாதிரி பாய்கிற பையனைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் நின்று பெயரையும் ஊரையும் சொல்லு என்றால், குரல் தொண்டைக்குள்ளேயே போய்விடும். பார்வை கால் கட்டைவிரலுக்குப் போகும். ஊர்ப் பெயரைச் சொல்லும்போது இன்னும் இறங்கும். பைசெப்ஸ் ஏற்றுவதைவிட அந்தத் தலையை நிமிர்த்துவதற்கு அதிகக் காலம் பிடிக்கும். டபிள்யூடபிள்யூஇ ஆள் பார்க்க வரும் முகாம்களிலும் ஓட்டம், உருளல், விழுதல் எல்லாம் முடிந்த பிறகு பேசச் சொல்வார்கள்.

சீனா கதையும் இதுதான். 2002 ஜூனில் கர்ட் ஆங்கிளுக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினார். நல்ல ஆட்டம், தோல்வி. அதன்பிறகு பல மாதம் ஏதோ ஒரு சாதாரண ஆளாகத்தான் இருந்தார். வேலையை விட்டு அனுப்பிவிடும் நிலைமை வந்தது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பயணத்தின்போது பஸ்ஸில் சக வீரர்களோடு விளையாட்டாக ராப் பாடிக்கொண்டு வந்ததை நிர்வாகத்தில் இருந்த ஸ்டெஃபனி மக்மஹன் கேட்டார். டிவியிலும் இதைச் செய்வாயா என்றார். 2005-இல், நிறுவனத்தின் மிகப் பெரிய வருடாந்தர நிகழ்ச்சியான ரெஸல்மேனியாவின் 21-ஆவது பதிப்பில், அவர் சாம்பியன். நிறுவனம் கொடுத்தது மேடையும் நேரமும். பாத்திரத்தை அவர்தான் கொண்டுவந்தார்.

ஜப்பான் முறை வேறு மாதிரி. எனக்கு அதன்மேல் தனி மரியாதை. 1972-இல் அன்டோனியோ இனோக்கி ஆரம்பித்த நியூ ஜப்பான் நிறுவனத்தில் புதியவர்களை 'யங் லயன்' என்பார்கள். டோஜோ என்ற பயிற்சிக் கூடத்திலேயே தங்க வேண்டும். சமைக்க வேண்டும், கூட்ட வேண்டும், சீனியர்களுக்குத் துணி துவைக்க வேண்டும், ரிங்கைப் பூட்டிக் கழற்ற வேண்டும். பஸ்கி நூற்றுக்கணக்கில். ரிங்கில் இறங்கும்போது வெறும் கறுப்பு ஜட்டி, கறுப்பு பூட்ஸ். வண்ண உடை கிடையாது, தனிப் பட்டப்பெயர் கிடையாது, பகட்டான அடிகளும் கிடையாது. பிடி, அறை, காலை மடக்கிப் பிடிக்கும் பாஸ்டன் கிராப் மாதிரி அடிப்படை வித்தைகளை வைத்துக்கொண்டே கூட்டத்தை எழுப்ப வேண்டும். பெரும்பாலும் தோற்பார்கள். தோற்றுக்கொண்டே இருக்கிற ஒருவன் எழுந்து எழுந்து வருவதைப் பார்க்கும் ஜனத்துக்கு அவன்மேல் பாசம் வந்துவிடுகிறது. பிறகு அமெரிக்காவுக்கோ மெக்சிகோவுக்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்பிவிடுவார்கள். கொஞ்சகாலம் கழித்து, புது உடை, புது நடையோடு வேறு ஆளாகத் திரும்புவான்.

கசுச்சிகா ஒகாடா அப்படித் திரும்பியவர். 2012 ஜனவரி 4-ஆம் தேதி டோக்கியோ டோம் அரங்கில் வந்து, அப்போது சாம்பியனாக இருந்த ஹிரோஷி தனஹாஷியிடம் சவால் விட்டார். கூட்டம் அவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "யார் இவன், இவனுக்கு என்ன தகுதி" என்ற மாதிரி கத்தினார்கள். அடுத்த மாதம் ஒசாகாவில், 24 வயது ஒகாடாவிடம் தனஹாஷி சுத்தமாகத் தோற்றார். சாக்குப்போக்கு இல்லை, குறுக்கே வந்து யாரும் நாற்காலியால் அடிக்கவில்லை. நடு ரிங்கில், ஒன்று இரண்டு மூன்று. அதோடு அந்தக் கதை முடியவில்லை. தனஹாஷி சாம்பியன் பெல்ட்டைத் திரும்ப எடுத்தார். 2013-இலும் 2015-இலும் டோக்கியோ டோமில் ஒகாடாவைத் தோற்கடித்தார். 2015-இல் ஒகாடா அழுதுகொண்டே வெளியேறினார். 2016 ஜனவரி 4-ஆம் தேதி அதே இடத்தில் ஒகாடா ஜெயித்தபோது, நிறுவனத்தின் முதல் ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நான்கு வருடம். இளையவனை மேலே கொண்டுவருவது எப்படி என்று என்னைக் கேட்டால் இந்த நான்கு வருட ஆட்டங்களை வரிசையாகப் பார்க்கச் சொல்வேன்.

நம் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து முடிகிற அன்று படுகளம் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். துரியோதனன் வேடம் கட்டியவர் எவ்வளவு மிடுக்காக நின்று, எவ்வளவு பெரிதாக விழுகிறாரோ, அந்த அளவுக்குத்தான் பீமன் பெரியவனாகத் தெரிவான். துரியோதனன் அரைமனதோடு விழுந்தால் பீமன் எவ்வளவு குதித்தும் பயனில்லை. மல்யுத்த ரிங்கிலும் அப்படித்தான். புதியவனுக்குக் கொடுக்கும் வெற்றியின் மதிப்பு தோற்றவரின் கையில் இருக்கிறது.

இதைச் செய்ய மறுத்த நிறுவனம் என்ன ஆனது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1990-களின் நடுவில் டபிள்யூசிடபிள்யூ என்ற நிறுவனம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. மேலே இருந்த பழைய பெரிய பெயர்கள் இடத்தை விடவில்லை. க்ரிஸ் ஜெரிக்கோ, எடி கெரேரோ போன்றவர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் அசத்தியும் நடுவரிசையைத் தாண்ட முடியவில்லை. ஜெரிக்கோ 1999-இலும் கெரேரோ 2000 தொடக்கத்திலும் எதிர் நிறுவனமான இன்றைய டபிள்யூடபிள்யூஇ-க்குப் போய் அங்கே சாம்பியன்கள் ஆனார்கள். 2001 மார்ச்சில் டபிள்யூசிடபிள்யூவே அந்த எதிராளியிடம் விலைபோனது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அடுத்த வரிசையைத் தயார் செய்யாமல் விட்டது முக்கியமானது என்பது என் கருத்து.

தோற்றுக் கொடுப்பது மட்டும்தான் வழி என்றில்லை. பக்கத்தில் நிறுத்திக்கொள்வதும் ஒரு வழி. 2003-இல் ட்ரிபிள் எச், ரிக் ஃப்ளேர் இருவரும் 'எவல்யூஷன்' என்ற கூட்டணியில் ஆர்ட்டனையும் பட்டிஸ்டாவையும் சேர்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் பேசும்போது பக்கத்தில் நின்றே அந்த இருவருக்கும் ஒரு கனம் வந்தது. 2005-இல் பட்டிஸ்டா அதே ட்ரிபிள் எச்சைத் தோற்கடித்து மேலே வந்தார். 2019-இல் ஆரம்பித்த ஏஇடபிள்யூ என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தில், பழைய நட்சத்திரம் ஸ்டிங், தன் கடைசிக் காலத்தை டார்பி ஆலின் என்ற இளைஞனோடு ஜோடியாகக் கழித்தார். 2024 மார்ச்சில் ஓய்வுபெறும் வரை அவரை விட்டுப் பிரியவில்லை. அறுபது வயதைத் தாண்டியவர் அந்தப் பையனுக்காக மாடியிலிருந்து மேசைமேல் குதித்ததைப் பார்த்தால் மனசு நெகிழ்ந்துவிடும்.

நிறுவனம் 'புஷ்' கொடுத்து, அதாவது ஒருவரை வேண்டுமென்றே மேலே தூக்கிவிட்டும், ஜனம் ஏற்காமல் போவதும் உண்டு. 2015-இல் ராயல் ரம்பிள் என்ற பல பேர் மோதும் ஆட்டத்தில் ரோமன் ரெயின்ஸ் ஜெயித்தபோது ஃபிலடெல்ஃபியா கூட்டம் அவரை ஊளையிட்டே துரத்தியது. பழைய நட்சத்திரம் ராக் வந்து கையைத் தூக்கிப் பிடித்தும் அடங்கவில்லை. நல்லவனாகத் திணித்தார்கள், ஜனம் துப்பியது. 2020-இல் வில்லனாக, அவருக்காகப் பேசும் மேலாளராக பால் ஹேமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். அதே ஜனம் வாயடைத்துப் பார்த்தது. 1,316 நாள் பெல்ட் அவரிடமே இருந்தது. ஆளைத் தேர்ந்தெடுத்ததில் நிறுவனத்துக்குப் பிழையில்லை. அவருக்குப் பொருந்தும் பாத்திரம் கிடைக்கத்தான் அத்தனை வருடம் ஆனது.

சரி, ஆள் எடுப்பதற்கு வருகிறேன். முன்பெல்லாம் சின்ன நிறுவனங்களில் பல வருடம் ஆடியவர்களைத்தான் அதிகம் எடுத்தார்கள். இப்போது வேறு விளையாட்டுக்காரர்களையும் நிறையத் தேடுகிறார்கள். பியாங்கா பெலேர் கல்லூரியில் தடை ஓட்டம் ஓடியவர். 2016-இல் சேர்ந்தார், 2021-இல் ரெஸல்மேனியாவின் முதல் நாள் கடைசி ஆட்டம் அவருடையது. 2021 டிசம்பரில் கல்லூரி வீரர்களுக்கென்றே 'நெக்ஸ்ட் இன் லைன்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். குண்டு எறிதல் வீரரான ஓபா ஃபெமி அதில் வந்தவர். 2025 ஜனவரியில் என்எக்ஸ்டி சாம்பியன். அடிப்படை உடற்திறன் இருந்தால் மற்றதை நாங்கள் பழக்கிக்கொள்கிறோம் என்ற கணக்கு. அந்தவகையில் கபடிப் பையன் என்பது குறையே அல்ல.

இந்தியாவிலிருந்து போனவர்களின் கதையை மருமகனுக்கு முழுதாகச் சொல்லுங்கள். தி கிரேட் காளி 2006-இல் வந்த உடனேயே அண்டர்டேக்கரையே தோற்கடித்தார். 2007-இல் உலக சாம்பியன். அவ்வளவு உயரம் மிக அரிது. அந்த வழி மற்றவர்களுக்குத் திறக்காது. அவர் ஊர் திரும்பி 2015-இல் ஜலந்தரில் பயிற்சிப் பள்ளி வைத்தார். ஹரியானாவின் பளுதூக்கும் வீராங்கனை கவிதா தேவி அங்கே பழகி, 2017-இல் டபிள்யூடபிள்யூஇ-யின் பெண்கள் போட்டித் தொடரான மே யங் கிளாசிக்கில் சல்வார் கமீஸோடு ரிங்கில் இறங்கினார். அந்த நிறுவனத்தில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர். ரிங்கு சிங் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிதல் வீரர். பேஸ்பால் பந்து வீசும் டிவி போட்டியில் ஜெயித்து அமெரிக்கா போய், 2018-இல் மல்யுத்தத்துக்கு வந்தார். வீர் மஹான் என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள். துபாயில் 2017-இலும் மும்பையில் 2019-இலும் நிறுவனமே நேரடியாகத் தேர்வு முகாம் நடத்தியது. ஆனால் கவிதாவும் ரிங்கு சிங்கும் இப்போது அங்கே இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் முடிந்ததுதான். வீரர்களை நிறுவனம் ஊழியராக வைத்துக்கொள்வதில்லை, ஒப்பந்தக்காரராகத்தான் வைத்துக்கொள்கிறது.

அதனால் என் யோசனை: தடுக்காதீர்கள். ஆனால் டிகிரியை முடிக்கட்டும். பாஸ்போர்ட் எடுத்து வைக்கட்டும். "இவ்வளவு கட்டினால் அமெரிக்காவுக்கு அனுப்புகிறோம்" என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். தேர்வு நடந்தால் நிறுவனம் தானே வெளிப்படையாக அறிவிக்கும். கபடியை விடவேண்டியதில்லை, கூடவே ஜூடோவோ மல்யுத்தமோ பழகட்டும். ஊசி, மாத்திரை போட்டு உடம்பு ஏற்றும் ஜிம் பேச்சுக்குக் காது கொடுக்கவே கூடாது. எடி கெரேரோ 38 வயதில், 2005-இல், இதயக் கோளாறால் இறந்துபோனார். அடுத்த வருடமே டபிள்யூடபிள்யூஇ ஊக்கமருந்துச் சோதனையைக் கொண்டுவந்தது. அப்புறம் பேச்சு. தினமும் இரண்டு நிமிடம் போனில் தன்னைத் தானே படம்பிடித்துப் பேசட்டும், முதலில் தமிழில். அதையே ஆங்கிலத்தில் சொல்லப் பழகட்டும். அடிவாரத்துப் பையன் என்பதை இறங்கிய குரலில் சொல்லக் கூடாது. சேர்வராயன் மலைக்காரன் என்று நிமிர்ந்து சொன்னால் அதுவே ஒரு பாத்திரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஜூடோ பயிற்சிக்கு அழைத்து வாருங்கள். முழங்கையை ஊன்றாமல் பின்னால் விழ முடிகிறதா, தன்னைவிடச் சின்னப் பையன் தூக்கிப்போட விட்டுக்கொடுக்கிறானா என்று பார்த்துச் சொல்கிறேன். வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பிட்டிருக்க வேண்டும். கை கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.